முதல் ஃபார்முலா ரேஸுக்கு உடலையும் மனத்தையும் தயார்செய்வது எப்படி? – ஒரு முழுமையான வழிகாட்டி

கார்ட்டிங் எனும் சிறுகார்ப் பந்தயத்தில் ஓரளவு தேறிவிட்டு, கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ ஃபார்முலா எல்.ஜி.பி. 1300 போன்ற ஒற்றை இருக்கைக் காரில் முதன்முறையாகப் போட்டியிடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார் ஓட்டும் நுட்பம் இதில் இல்லை. கற்றுக்கொண்ட நுட்பம் கடைசிச் சுற்றுவரை கைநழுவிப் போகாமலிருக்க உடலும் மனமும் எந்த நிலையில் இருக்க வேண்டும், அதற்கு எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதே இதன் பொருள்.

வரிசையை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களின் பயிற்சி வீடியோக்களைப் பார்த்துவிட்டு, முதல் நாளே தலையில் எடையைக் கட்டிக் கழுத்துப் பயிற்சியில் இறங்குகிறார்கள்; இரண்டாவது வாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் பிசியோதெரபிஸ்டிடம் போய் நிற்கிறார்கள். கழுத்துப் பயிற்சி கட்டாயம் வேண்டும். ஆனால் அது ஐந்தாவது வாரத்துக்கு உரியது. முழுத் திட்டத்துக்கும் குறைந்தது 16 வாரங்கள் ஒதுக்குங்கள்.

1. சுமை எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. ஹெல்மெட்டும் சேர்ந்தால் ஆறரைக் கிலோ வரை வரும். வளைவில் 2 ஜி விசை (புவியீர்ப்பைப் போல் இரு மடங்கு) வந்தால் அந்தத் தலை பக்கவாட்டில் 13 கிலோவாக இழுக்கும். ஃபார்முலா ஒன் காரின் அதிவேக வளைவுகளில் 5 ஜி வரை வருவதால் அங்கே இந்தக் கணக்கு 30 கிலோவைத் தாண்டிவிடும். தொடக்கநிலைக் கார்களில் விசை இதைவிட மிகக் குறைவுதான் என்றாலும் பவர் ஸ்டீயரிங் இல்லாததால், கழுத்து தப்பித்த சுமையில் ஒரு பங்கைத் தோளும் முன்கையும் சுமக்கின்றன. அமெரிக்காவின் இண்டிகார்களில் இன்றும் பவர் ஸ்டீயரிங் கிடையாது. அந்த ஓட்டுநர்களின் முன்கைகளைப் பார்த்தாலே இது புரியும்.

‘உட்கார்ந்துதானே ஓட்டுகிறோம்’ என்று நினைப்பவர்கள் இதயத்துடிப்பை அளந்து பார்க்கட்டும். போட்டியின்போது நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை துடிப்பது சாதாரணம். தசைகள் அசையாமல் இறுகியிருப்பது, உடையின் வெப்பம், பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் ஆகிய மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவதால்தான் துடிப்பு அந்த அளவுக்கு உயர்கிறது.

2. தொடங்கும் முன் தேவைப்படுபவை

போட்டி உரிமம் பெற, இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அமைப்புக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். அதை வெறும் கையெழுத்துச் சடங்காக முடித்துவிடாதீர்கள். ஈ.சி.ஜி., இரத்த அழுத்தம், கண்பார்வை, நிறப்பார்வை ஆகியவற்றை உண்மையாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். டிராக்கில் அதிகாரிகள் கொடியின் நிறத்தால்தான் பேசுகிறார்கள் என்பதால், நிறப்பார்வைக் குறை இருந்தால் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம். பழைய கழுத்துவலியோ முதுகுவலியோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

கருவிகளில் நான்கு போதும்: மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை, 100 கிராம் துல்லியத்துக்கு எடை காட்டும் தராசு, வெவ்வேறு இழுவிசை கொண்ட ரப்பர் பட்டைகள், ஒரு நோட்டுப்புத்தகம். ஹெல்மெட் உங்களுடையதாகவே இருக்கட்டும். இரவல் ஹெல்மெட் தளர்வாக இருந்தால் வளைவுதோறும் தலை ஒரு பக்கமும் ஹெல்மெட் ஒரு பக்கமும் போகும். அதைத் தாங்கவே கழுத்தின் பாதி பலம் செலவாகிவிடும்.

3. உடற்பயிற்சிக்கு முன்பே இருக்கையைச் சரிசெய்யுங்கள்

இருக்கையில் விட்டதை ஜிம்மில் பிடிக்க முடியாது. இடுப்பு அசையும் இருக்கையில் உட்கார்ந்தவர், ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கியே தன் உடலை நிறுத்திக்கொள்கிறார். ஐந்து சுற்றுகளில் அவருடைய முன்கை கல்லாக இறுகிவிடும். அவரோ தனக்கு வலிமை போதவில்லை என்று நினைத்து டம்பெல் வாங்குவார்.

ஆகவே இருக்கையில் நுரையூற்றி உங்கள் முதுகின் அச்சுக்கு ஏற்ப வார்க்க அணியிடம் கேளுங்கள். வார்க்கும்போது போட்டி உடையையும் காலணியையும் அணிந்து, பெல்ட்டுகளைக் கட்டிய நிலையில் உட்காருங்கள். சாதாரண டிஷர்ட்டோடு உட்கார்ந்து வார்த்த இருக்கை, ஓவரால் போட்ட பிறகு விலா எலும்பைப் பிடிக்கும். தோள் இருக்கையைவிட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். பிரேக்கை முழுவதும் மிதித்த பிறகும் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் மீதியைச் சிறு திருத்தங்களால் முடித்துவிடலாம்.

4. வாரம் 1 முதல் 6 வரை: மூச்சுக்கும் இதயத்துக்கும் அடித்தளம்

வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம், சைக்கிள், நீச்சல் இவற்றில் ஏதேனும் ஒன்றை 40 நிமிடத்தில் தொடங்கி 75 நிமிடம் வரை கொண்டுசெல்லுங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியும் வேகமே சரியான வேகம். இது மந்தமாகத் தோன்றும். ஆனால் குறைந்த துடிப்பில் நீண்ட நேரம் வேலைசெய்யும் இதயம்தான், போட்டியில் 170 துடிப்பு வந்தபோதும் மூளைக்குத் தெளிவை விட்டுவைக்கிறது. மேலும், அடுத்தடுத்துப் போட்டிகள் வரும் வார இறுதியில், ஒரு போட்டிக்கும் மறு போட்டிக்கும் இடையில் எவ்வளவு விரைவாக மீள்கிறீர்கள் என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது.

நான்காவது வாரத்திலிருந்து ஒரு நாளை மட்டும் தீவிரப் பயிற்சிக்கு மாற்றுங்கள்: 4 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை. எல்லா நாளையும் தீவிர நாளாக்குவதுதான் இங்கே பொதுவாக நடக்கும் தவறு. அப்படிச் செய்பவர்களுக்கு ஆறாவது வாரத்தில் காலையில் எழும்போதே துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அது களைப்பின் அடையாளம். இதைக் கண்டுபிடிக்கத்தான் நோட்டுப்புத்தகம்.

5. வாரம் 3 முதல்: நடுவுடலும் தோள்பட்டையும்

கழுத்துத் தசைகளில் பல தோள்பட்டை எலும்பிலும் மேல்முதுகிலும் வேர்கொண்டவை. வேர் உறுதிப்படாமல் கழுத்தை மட்டும் பலப்படுத்த முடியாது என்பதால்தான் இந்தப் படி கழுத்துக்கு முன்னால் வருகிறது.

பிளாங்க், பக்கவாட்டுப் பிளாங்க், ரப்பர் பட்டையை மார்புக்கு நேராகப் பிடித்து உடல் திரும்பாமல் எதிர்த்து நிற்பது, குனிந்த நிலையில் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது ஆகியவை போதும். வயிற்றுத் தசையைச் சுருக்கி எழும் பயிற்சிகளுக்கு இங்கே பெரிய பயனில்லை. காருக்குள் உடல் மடங்குவதில்லை. மடங்காமலும் திரும்பாமலும் நிற்பதே அதன் வேலை. மார்பையும் புஜத்தையும் பெருக்கும் பயிற்சியைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். குறுகிய காக்பிட்டுக்குள் பருத்த தோள் முழங்கையை மடக்க இடம் தராது. கூடுதல் எடையைக் காரும் சுமக்க வேண்டியிருக்கும்.

எடையைப் பற்றி ஒரு சொல். எடையைக் குறைப்பதற்காகப் பட்டினி கிடப்பது இந்த விளையாட்டின் பழைய நோய். ஃபார்முலா ஒன்னில் 2019 முதல் இருக்கையும் உடையும் சேர்த்து ஓட்டுநருக்கு 80 கிலோ குறைந்தபட்ச எடை விதிக்கப்பட்டது. 2025இல் அது 82 கிலோவாயிற்று. உயரமான ஓட்டுநர்கள் உடலை வற்றவைப்பதைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கம். உங்கள் போட்டியின் எடை விதியை அணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உணவில் கைவையுங்கள்.

6. வாரம் 5 முதல்: கழுத்து

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரங்களில் கையே போதும். நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கையை நெற்றியில் வைத்து அழுத்துங்கள். தலை அசையாமல் எதிர்க்கட்டும். 10 விநாடி தாங்கி 10 விநாடி ஓய்வெடுத்து, ஐந்து முறை செய்யுங்கள். பிறகு பிடரி, வலப்பக்கம், இடப்பக்கம் என்று நான்கு திசைகளிலும் செய்யுங்கள். உங்கள் முழுப் பலத்தில் பாதியளவு எதிர்ப்பே போதும். வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு.

அடுத்த நான்கு வாரங்களில் ரப்பர் பட்டைக்கு மாறுங்கள். பட்டையை ஒரு தூணில் கட்டி, மறுமுனையைத் தலையைச் சுற்றி மாட்டி, தூணிலிருந்து விலகி உட்கார்ந்தால் பட்டை தலையைப் பக்கவாட்டில் இழுக்கும். தலையை நேராக வைத்து 20 முதல் 40 விநாடி தாங்குங்கள். கண்கள் எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியை விடாமல் பார்க்க வேண்டும். காரில் கழுத்து செய்யும் வேலை தலையை ஆட்டுவதல்ல, கண்ணை நிலையாக வைத்திருப்பதே. கழுத்து சோர்ந்தவுடன் முதலில் குறைவது பார்வையின் துல்லியம். வளைவின் உள்முனையைத் தேடும் கண் ஒரு கணம் பின்தங்கும். லேப் நேரம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், ஏறத் தொடங்கும். ஓட்டுநருக்குக் கழுத்து வலிப்பதே தெரியாமல் இருக்கலாம், நேரத்தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்குப் பிறகே ஹெல்மெட்டோடு பயிற்சி. அரையடி சாய்ந்த பெஞ்சில் பக்கவாட்டில் படுத்து, ஹெல்மெட் அணிந்த தலையை உடலின் நேர்க்கோட்டில் தாங்குங்கள். கூடுதல் எடை சேர்ப்பதானால் பிசியோதெரபிஸ்ட்டோ பயிற்சியாளரோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சேருங்கள்.

எந்தப் பக்கத்துக்குக் கூடுதல் உழைப்பு என்பது டிராக்கைப் பொறுத்தது. வலது வளைவில் தலை இடப்பக்கம் வீசப்படும். அதை இழுத்துப் பிடிப்பது வலப்பக்கத் தசை. கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக்கில் வலது வளைவுகளே மிகுதி. பிரேசிலின் இன்டர்லாகோஸ், சிங்கப்பூர், அபுதாபி போன்ற எதிர்ச்சுற்று டிராக்குகளில் அனுபவசாலிகளின் கழுத்தும் வலிப்பதற்குக் காரணம், ஆண்டு முழுவதும் அதிகம் உழைக்காத பக்கம் அங்கே உழைப்பதுதான். ஆகவே வரைபடத்தைப் பார்த்து வளைவுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் பயிற்சியில் இரு பக்கத்தையும் சமமாகவே வையுங்கள்.

செய்யக்கூடாதவை: எடையோடு கழுத்தைச் சுழற்றுவது, மல்யுத்த வீரர்போல் தலையை ஊன்றி உடலைத் தூக்குவது, காரில் ஓட்டப்போகும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களில் கடுமையான கழுத்துப் பயிற்சி. கையில் மரத்துப்போதலோ மின்சாரம் பாய்வது போன்ற வலியோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

7. வாரம் 7 முதல்: கைகளும் கால்களும்

பிரேக்கில் தேவைப்படுவது வலிமை மட்டுமல்ல. ஃபார்முலா ஒன்னில் பிரேக் மிதியை 100 கிலோவுக்கும் மேலான விசையோடு அழுத்துகிறார்கள். தொடக்கநிலைக் காரில் அவ்வளவு வேண்டாம். ஆனால் முதல் கணத்தில் முழு அழுத்தம், பிறகு வளைவுக்குள் நுழையும்போது சிறிது சிறிதாக விடுதல் என்ற வடிவம் இரண்டிலும் ஒன்றே. எனவே லெக் பிரஸ் கருவியில் ஒற்றைக் காலால் வேகமாகத் தள்ளி, நான்கு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் காரானால் பிரேக் பிடிக்கும் வலது காலுக்கும், ஸ்டீயரிங்கின் பின்னுள்ள பட்டைகளால் கியர் மாற்றும் பேடில் ஷிஃப்ட் காரில் இடது காலால் பிரேக் பிடிப்பதானால் இடது காலுக்கும் ஒரு சுற்று கூடுதலாகக் கொடுக்கலாம்.

கைக்கு, 5 கிலோ எடைத்தட்டை நீட்டிய கைகளில் ஸ்டீயரிங்போல் பிடித்து இடமும் வலமும் ஒரு நிமிடம் திருப்பும் பயிற்சி போதும். அதைவிட முக்கியமானது பிடியைத் தளர்த்தக் கற்பது. புதியவரின் கையுறையைக் கழற்றிப் பார்த்தால் கட்டைவிரலின் அடியில் கொப்புளம் இருக்கும். நேர்ப்பாதையில்கூட அவர் ஸ்டீயரிங்கை நெரித்துக்கொண்டிருந்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஒவ்வொரு நேர்ப்பாதையிலும் விரல்களை ஒருமுறை தளர்த்தி, மூச்சை முழுவதும் வெளியேற்றுவதைப் பழக்கமாக்குங்கள். வளைவில் மூச்சை அடக்கிக்கொள்வது எல்லோருக்கும் தானாக வரும். நேர்ப்பாதையில் அதை ஈடுகட்டாதவருக்குப் பாதிப் போட்டியிலேயே தலை கனக்கும்.

8. கடைசி மூன்று வாரங்கள்: வெப்பத்துக்குப் பழகுதல்

தமிழ்நாட்டு டிராக்குகளில் கழுத்து கைவிடுவதைவிட வெப்பம் வீழ்த்துவதே அதிகம். தீப்பிடிக்காத ஓவரால், உள்ளாடை, முகத்தை மூடும் பாலக்ளாவா, ஹெல்மெட், கையுறை என்று உடலின் எந்தப் பகுதியும் காற்றைக் காண்பதில்லை. அதோடு இருங்காட்டுக்கோட்டையின் ஈரக்காற்றில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. கோயம்புத்தூரின் காற்று சற்று வறண்டது என்பதால் அதே வெப்பநிலை அங்கே எளிதாகத் தோன்றும். அங்கே பழகியதை நம்பிச் சென்னைக்கு வருபவர்கள் ஏமாந்துபோவதுண்டு.

உலகின் தலைசிறந்த உடற்தகுதி உள்ளவர்களையும் வெப்பம் விடவில்லை. 2023 அக்டோபரில் நடந்த கத்தார் கிராண்ட் பிரீயில் எஸ்டெபான் ஓகோன் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தியெடுத்தார். லோகன் சார்ஜன்ட் உடல்நிலை தாளாமல் பாதியில் விலகினார். 2025 முதல், வெப்பக் குறியீடு 31 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டால் ‘வெப்ப அபாயம்’ அறிவிக்கும் விதி ஃபார்முலா ஒன்னில் வந்தது; குளிரூட்டும் உடையும் அதன் பகுதியே. உங்கள் காரில் அந்த வசதி இருக்காது. உடலைத்தான் மாற்ற வேண்டும்.

உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அந்நாட்களில் தினமும் ஒரு மணி நேரம், நீண்ட கை வைத்த தடித்த உடையோடு, மெதுவான ஓட்டமோ சைக்கிளோ போதும். இதற்குச் சௌனா எனும் வெப்ப அறை தேடி அலைய வேண்டியதில்லை. மே மாதத்துச் சென்னையின் மொட்டைமாடி இலவசம். பத்து நாளில் வியர்வை முன்னதாகவே தொடங்கும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேலைக்கு இதயத்துடிப்பு குறையும். மூன்றும் நோட்டில் தெரியும். பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களில் இந்த மாற்றம் கரைந்துவிடும் என்பதால்தான் இது திட்டத்தின் இறுதியில் வைக்கப்பட்டிருக்கிறது.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். தலைச்சுற்றல், வெயிலிலும் குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் நிழலுக்கு வந்து, உடையைத் தளர்த்தி, தண்ணீரை உடலில் ஊற்ற வேண்டும். குழப்பம் தெளியாவிட்டால் மருத்துவமனைக்குத் தாமதமின்றிப் போக வேண்டும்.

9. நீரும் உணவும்

பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிற்று என்று பொருள். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்தால் கவனம் சிதறத் தொடங்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.4 கிலோ. உங்கள் அளவைத் தெரிந்துகொண்டால், போட்டி நாளில் எவ்வளவு குடிப்பது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது பெரும் தவறு; இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். அளவு மாறாமல் கரைத்த ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட நீர்மோர் இரண்டும் நல்லவை. போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்பே இட்லி போன்ற எளிய உணவை முடித்துக்கொள்ளுங்கள். நெய் மிதக்கும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, கார்கள் புறப்பட நிற்கும் கிரிட்டில் கொட்டாவி விடுபவர்களுக்கு நான் சொல்ல ஏதுமில்லை. தினமும் காபி குடிப்பவர் அன்றைக்கு மட்டும் நிறுத்த வேண்டாம், தலைவலி வரும்.

10. மனப் பயிற்சி

மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 41 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு விநாடி தயங்கினால் 8 மீட்டர் போய்விடும். ஆனால் கைவேகத்தைக் கூட்டும் விளக்குப் பலகை விளையாட்டுகளால் இதைச் சரிசெய்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். நல்ல ஓட்டுநர் வேகமாக எதிர்வினை செய்வதைவிட, முன்னதாகவே பார்க்கிறார்.

எனவே முதல் பயிற்சி, டிராக்கை மனத்தில் ஓட்டுவது. கண்ணை மூடி, கையில் ஸ்டாப்வாட்ச்சோடு, பிரேக் பிடிக்கும் இடம், திரும்பும் இடம், உள்முனை, வெளியேறும் விளிம்பு என்று, இருங்காட்டுக்கோட்டையானால் அதன் 3.717 கிலோமீட்டரையும் ஓட்டி முடியுங்கள். மனத்தில் ஓட்டிய நேரம் உண்மையான லேப் நேரத்துக்கு ஓரிரு விநாடி நெருக்கத்தில் வர வேண்டும். மிகவும் குறைவாக வந்தால் ஏதோ ஒரு வளைவை விழுங்கிவிட்டீர்கள்; எந்த வளைவு மங்கலாக வருகிறதோ அதுவே டிராக்கிலும் உங்களைத் தடுமாற வைக்கும் வளைவு.

இரண்டாவது பயிற்சியைச் சோர்வில் செய்யுங்கள். தீவிரப் பயிற்சி முடிந்து மூச்சு வாங்கும்போதே சிமுலேட்டரில் அமர்ந்து பத்துச் சுற்று ஓட்டுங்கள். வேகமான சுற்றுக்கு இங்கே மதிப்பில்லை. பத்துச் சுற்றுகளின் நேரமும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைப் பாருங்கள்.

மூன்றாவது, தவறிய வளைவை விட்டுவிடுவது. ஒரு பிரேக்கிங் தவறினால் அடுத்த மூன்று வளைவுகளிலும் அதையே நினைத்து மேலும் தவறுவது புதியவரின் இயல்பு. ‘சரி, அடுத்தது’ என்பதுபோல் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அதைச் சொல்லி மூச்சை விட்டவுடன் கண்ணை அடுத்த பிரேக் அடையாளத்துக்குக் கொண்டுபோகப் பழகுங்கள். கேட்க எளிது, பயிற்சியில் பலமுறை செய்யாதவருக்குப் போட்டியில் வராது.

11. வெளியேறும் பயிற்சி

2020இல் பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரோமன் குரோஜான், கார் மோதித் தீப்பிடித்தபோது ஏறத்தாழ 28 விநாடி தீக்குள் இருந்துவிட்டுத் தானே வெளியேறினார். எந்தப் பக்கிளை முதலில் விடுவிப்பது என்று யோசிக்க அங்கே நேரமில்லை. முழு உடையோடு, பெல்ட் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஸ்டீயரிங்கைக் கழற்றி வெளியேறும் செயலைக் கராஜில் நிற்கும் காரில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வெப்பத்தில் களைத்த பிறகும் ஒருமுறை செய்து பாருங்கள். கை எங்கே தடுமாறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

12. போட்டி வாரமும் போட்டி நாளும்

அந்த வாரத்தில் புதிய பயிற்சி எதுவும் வேண்டாம். வழக்கமான அளவைப் பாதியாகக் குறையுங்கள். முந்தைய இரவு தூக்கம் வராமல் போகலாம்; அதற்கு முந்தைய இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்கியிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

உடல் அதிகம் சூடாவது பெரும்பாலும் ஓட்டத்தில் அல்ல, வரிசையில் காத்திருக்கும்போது. ஓவராலை இடுப்புவரை இறக்கிவிட்டு நிழலில் இருங்கள். ஹெல்மெட்டைக் கடைசியாக அணியுங்கள். குடையும் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டும் பிடிக்க ஒரு நண்பரை வைத்துக்கொள்ளுங்கள். துண்டைப் பிடரியில் வையுங்கள். பெல்ட்டைத் தோளில் இறுக்குவதற்கு முன் இடுப்பில் இறுக்குங்கள். வரிசை மாறினால் இடுப்புப் பெல்ட் வயிற்றுக்கு ஏறி மூச்சைப் பிடிக்கும்.

13. போட்டி முடிந்த பிறகு

முதல் அரை மணி நேரத்துக்குள் எடை பாருங்கள். இழந்த எடையில் ஒன்றரை மடங்கு நீரை அடுத்த சில மணி நேரத்தில் உப்போடு சேர்த்துக் குடியுங்கள். கழுத்து, முன்கை, கீழ்முதுகு என்று எது முதலில் சோர்ந்தது, எந்தச் சுற்றில் சோர்ந்தது என்று அன்றே எழுதுங்கள். அடுத்த பருவத்தின் திட்டம் அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்கும்.

மோதல் நடந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் டிராக்கின் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுதல், நடந்ததை நினைவுகூர முடியாமை இவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றைய அடுத்த போட்டியில் இறங்கக்கூடாது. வீட்டுக்குப் போகும்போது வேறொருவர் கார் ஓட்டட்டும். மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும்வரை சிமுலேட்டரிலும் உட்கார வேண்டாம்.